கணவாயின் கணக்கு: ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் நாஞ்சில் நாட்டு நிலமும்

1. கேள்வி

காற்றாலை மின்சாரத்துக்கு நிலம் அதிகம் வேண்டியதில்லை என்பது எரிசக்தி பற்றிய விவாதங்களில் அநேகமாக யாரும் மறுக்காத கூற்று. கோபுரத்தின் அடித்தளத்துக்குச் சில சென்ட் போதும். மின்மாற்றி மேடைக்கும் வண்டிப்பாதைக்கும் இன்னும் கொஞ்சம். மிச்ச நிலத்தில் ஆடு மேயலாம், மழை பெய்தால் உளுந்தும் பயறும் விதைக்கலாம். அணையைப் போலக் காட்டை மூழ்கடிப்பதில்லை, நிலக்கரியைப் போலச் சாம்பல் கொட்டுவதில்லை. ஆகவே நிலத்துக்கும் உயிரினங்களுக்கும் காற்றாலையால் வரும் தொல்லை பொருட்படுத்தத் தக்கதல்ல என்று இந்த வாதம் முடியும்.

இக்கட்டுரை அந்தக் கூற்றைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைத்துச் சோதிக்கிறது. இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மாவட்டத்தின் மொத்தப் பரப்பு 1684 சதுர கிலோமீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 1100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மலைக்காடும் ரப்பர் தோட்டமும் நெல்வயலும் குளமும் உப்பளமும் மீனவர் ஊர்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் சிறு நிலம் இது. இதற்குள் மலையில் நீர்மின்சாரம், கணவாயில் காற்று மின்சாரம், மேற்குக் கடற்கரையில் அணுசக்தித் துறைக்கான மோனசைட் மணல். எல்லை தாண்டிய சற்றுத் தொலைவிலேயே கூடங்குளம். ஒரே மாவட்டத்தில் இத்தனை வகை எரிசக்தியும் ஒப்பிட்டுப் பார்க்கும் தூரத்தில் அமைவது அபூர்வம்.

என் வாதத்தைச் சுருக்கமாக முன்வைத்துவிடுகிறேன். ஒரு மின்திட்டம் எத்தனை ஏக்கரைப் பிடித்தது என்பது அதன் நிலத்தாக்கத்தின் மிகச் சிறிய பகுதி. அந்த ஏக்கரில் என்ன இருந்தது என்று திட்டத்துக்கு முன்பே யாராவது பார்க்கக் கடமைப்பட்டிருந்தார்களா என்பதே பெரிய பகுதி. கணவாயின் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில் அப்படிக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை. பழைய இயந்திரங்களைக் கழற்றிப் புதியவற்றை நடும் காலம் இப்போது வந்திருப்பதால் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

2. காற்று சொத்தாகிய விதம்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து மகேந்திரகிரியில் 1654 மீட்டர் உயரம் எட்டி, அதன்பின் உடைந்து சிறு குன்றுகளாகச் சிதறுகிறது. அந்த உடைப்பில் அமைந்ததே ஆரல்வாய்மொழிக் கணவாய். திருவிதாங்கூரின் கிழக்கு வாசலாக இருந்து, 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது ஆங்கிலப் படை உடைத்து நுழைந்த அரண் இங்கேதான் இருந்தது. தேவசகாயம் பிள்ளை 1752-இல் சுட்டுக்கொல்லப்பட்ட காற்றாடிமலையும் இங்கேதான். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து மலைச்சுவரில் மோதும். வழி கிடைக்கும் இடங்களில் நெருக்கியடித்துப் பாயும். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்னும் மூன்று கணவாய்களும் தமிழ்நாட்டின் காற்றாலை வரைபடத்தைத் தீர்மானித்தது இப்படித்தான். மே முதல் செப்டம்பர் வரை காற்று ஓயாது. மேற்கே விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் கொட்டித் தீர்க்கும் மழை தோவாளையைத் தாண்டும்போது வெறும் சாரலாகிவிடும். எனவே கணவாயின் கிழக்கு வாய் உடைமரமும் பனையும் கள்ளியும் நிற்கும் வறண்ட நிலம்.

காற்று வலுவாக அடிக்கிறது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. அதைப் பணமாக்குவதற்கு எண் வேண்டியிருந்தது. அந்த எண்ணைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் வானிலை அறிவியலாளர் அன்னா மாணி. பீர்மேட்டில் பிறந்த அவர் இந்திய வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஓயாமல் நாடு முழுக்கக் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை நடத்தினார். டி. ஏ. மூலேயுடன் சேர்ந்து 1983-இல் இந்தியக் காற்றுத் தரவுகளை நூலாக வெளியிட்டார். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில் காற்று என்ன வேகம் என்று அளந்து எழுதும் அந்த நுட்பத்தின் மேல்தான் இந்தியக் காற்றாலைத் தொழில் நிற்கிறது. 1998-இல் சென்னையில் அமைந்த காற்று ஆற்றல் மையமும் (இன்றைய தேசிய காற்று ஆற்றல் நிறுவனம்) அந்த மரபின் தொடர்ச்சியே.

1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்கள் செயல்விளக்கத்துக்காக நடப்பட்டன. கயத்தாறும் முப்பந்தலும் பின்தொடர்ந்தன. 1990-களில் தனியார் வந்தனர். அவர்களை இழுத்ததில் காற்றுக்குச் சமமான பங்கு வருமானவரிச் சட்டத்துக்கு உண்டு. இயந்திரத்தின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அன்று சட்டம் இடம் கொடுத்தது. பின்னர் அது 80 விழுக்காடாகி, 2012-இல் நிறுத்தப்பட்டு, 2014-இல் திரும்பி, 2017-இல் 40 விழுக்காடானது. லாபத்துக்கு வரி கட்டுவதைவிட முப்பந்தலில் ஒரு காத்தாடி நடுவது நூற்பாலை முதலாளிக்கு மேலாகப் பட்டது. மின்வாரியத்தின் மின்வங்கி ஏற்பாடு இன்னொரு வசதி. காற்றுக்காலத்தில் இங்கே விளைந்த யூனிட்டை வரவு வைத்துக்கொண்டு காற்றில்லா மாதங்களில் வேறெங்கோ உள்ள ஆலையில் செலவழிக்கலாம். தோவாளை வட்டத்துப் புன்செய் இப்படித்தான் கொங்கு நாட்டு ஆலைகளின் ஐந்தொகைக் கணக்கில் ஒரு வரியாக நுழைந்தது.

முப்பந்தல் தொகுப்பின் திறன் ஏறத்தாழ 1500 மெகாவாட் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். முப்பந்தல் என்று பேசும்போது மாவட்ட எல்லைக்கு அப்பால் பணகுடி, ராதாபுரம் பக்கத்து இயந்திரங்களும் பேச்சில் சேர்ந்துவிடுகின்றன. காற்றுக்கு மாவட்ட எல்லை இல்லை. சுற்றுச்சூழல் பொறுப்பை வகுக்கும் நிர்வாகத்துக்கு உண்டு. இந்த இடைவெளி பின்னால் முக்கியமாகும்.

3. ஏக்கர் கணக்கின் போதாமை

அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2009-இல் அந்நாட்டுக் காற்றாலைகளின் நிலப்பயன்பாட்டை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு மெகாவாட்டுக்கு நிரந்தரமாகப் பறிபோகும் நிலம் சராசரியாக 0.3 ஹெக்டேர் என்றும், கட்டுமானக் காலத்தில் தற்காலிகமாகக் குலையும் நிலம் 0.7 ஹெக்டேர் என்றும் அது சொன்னது. திட்டம் பரந்து கிடக்கும் மொத்தப் பரப்போ மெகாவாட்டுக்கு ஏறத்தாழ 34 ஹெக்டேர். அதாவது ஒரே காற்றாலையைப் பற்றி நூறு மடங்கு வேறுபடும் இரண்டு எண்களைச் சொல்லலாம், இரண்டும் உண்மை. தொழில்துறை முதல் எண்ணைச் சொல்கிறது, எதிர்ப்பாளர் இரண்டாவதை. அடித்தளத்தின் கான்கிரீட் மட்டும் பாதிப்பு என்றால் முதல் எண் சரி. இயந்திரங்களுக்கு இடையே உள்ள வெளி முழுவதும் கெட்டுவிட்டது என்றால் இரண்டாவது சரி. முப்பந்தலைப் பார்த்தவர் இரண்டையும் ஏற்க மாட்டார். காத்தாடிகளுக்கு நடுவே உழவும் மேய்ச்சலும் நடக்கின்றன, தமிழ்ச் சினிமாவின் பாட்டுக் காட்சிகளும் நடந்திருக்கின்றன. அதே சமயம் அது பழைய உடைங்காடும் அல்ல.

இந்தியாவில் இயந்திரங்களுக்கு இடையே விடவேண்டிய தூரத்துக்கு ஒரு விதி உண்டு. இறக்கை வட்டத்தின் விட்டத்தைப்போல் ஒரு திசையில் 5 மடங்கும், காற்றடிக்கும் திசையில் 7 மடங்கும் இடைவெளி வேண்டும். 1990-களில் பரவலாக நடப்பட்ட 225 கிலோவாட் இயந்திரத்தின் விட்டம் 27 மீட்டர். விதிப்படி அதற்குச் சுமார் 2.5 ஹெக்டேர் வெளி வேண்டும். மெகாவாட்டுக்குக் கணக்கிட்டால் 11 ஹெக்டேர் சொச்சம். அந்த நாளைய நடவு வரிசைகள் இந்த அளவுக்குக்கூட இடம் விடாமல் நெருக்கியடித்தவை என்பது கண்ணுக்கே தெரியும்.

நிலத்தின் மேல் நடந்த மாற்றம் அடித்தளத்தைவிடப் பாதைகளிலும் பத்திரங்களிலும் அதிகம். ஒவ்வொரு கோபுரத்துக்கும் கனரக வண்டி போகும் மண்சாலை வேண்டும். சாலை போட்ட இடத்தில் மழைநீர் ஓடும் தடம் மாறும், உடைமரத் தூறு துண்டுபடும், ஆள் நடமாட்டம் கூடும். வானம் பார்த்த பூமியாகக் குறைந்த விலையில் கிடந்த புன்செய் கைமாறியது. ஊரில் இருந்து பயிர் செய்த உடைமையாளர் போய், ஊருக்கே வராத நிறுவனம் உடைமையாளரானது. வருவாய்த்துறைப் பதிவில் தரிசு என்று ஏறிய நிலத்தை வாங்கவும் விற்கவும் எந்தத் தடையும் இல்லை. அந்தத் தரிசில் கவுதாரியும் முயலும் கீரியும் உடும்பும் நரியும் வாழ்ந்ததற்குப் பதிவேட்டில் பத்தி கிடையாது. விறகும் வேலிமுள்ளும் எடுத்த வீடுகள், ஆட்டுக்குக் காய் உலுக்கிய இடையர் ஆகியோரின் பயன்பாட்டுக்கும் அதே கதிதான்.

இதைக் காற்றாலையின் தனிக்குற்றமாகச் சொல்வது நேர்மையாகாது. புன்செய்க் காடுகளை மதிப்பற்றவையாகக் கருதும் பழக்கம் காலனியாட்சி நிலவரி முறையிலிருந்து வந்து நம் வனத்துறையின் சிந்தனையிலும் வேரோடியிருக்கிறது. மழைக்காட்டுக்குச் சரணாலயம் உண்டு, முள்காட்டுக்கு அது அபூர்வம். காற்றாலை அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவே.

4. இறக்கைகளுக்குக் கீழே

காற்றாலையால் இயற்கை வாழிடத்துக்கு என்ன ஆகிறது என்பதற்குச் சான்றுகள் இரண்டு வகை. முதலாவது, மோதிச் சாகும் பறவைகளையும் வௌவால்களையும் எண்ணுவது. இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாய். அதுவும் நம்முடையதைப் போல ஒரு கணவாய்தான்; அங்கும் 1980-களில் சிறு இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கி நடப்பட்டன. பொன்னிறக் கழுகுகளும் பிற இரைகொல்லிப் பறவைகளும் தொடர்ந்து அடிபட்டு விழுந்தன. வழக்கு நடந்து, 2007-லும் 2010-லும் உடன்பாடுகள் ஏற்பட்டன. பழைய இயந்திரங்களை அகற்றி, பறவைகளின் பறத்தல் பாதையை ஆராய்ந்து பெரிய இயந்திரங்களைக் குறைந்த எண்ணிக்கையில் நடுவது என்று முடிவாயிற்று. அவ்வாறு மாற்றிய சில இடங்களில் இரைகொல்லிகளின் சாவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. வௌவால்களைப் பற்றி அதே நம்பிக்கையுடன் பேச முடியவில்லை.

இந்த எண்ணும் முறைக்கு ஒரு குறை உண்டு. விழுந்த பறவையை ஆய்வாளர் வந்து எண்ணும்வரை நரியும் நாயும் காகமும் காத்திருப்பதில்லை. சிறிய பறவையும் வௌவாலும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். எனவே கண்ணில் பட்டவை குறைவு என்பதை வைத்துச் செத்தவை குறைவு என்று சொல்லிவிட முடியாது. தேடும் இடைவெளி, தேடுபவரின் திறன், பிணந்தின்னிகளின் வேகம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்த மதிப்பீடு வேண்டும்.

இரண்டாம் வகைச் சான்று நமக்கு இன்னும் பொருத்தமானது. மரியா தேக்கர், அமோத் ஜாம்ப்ரே, ஹர்ஷல் போசலே ஆகியோர் மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்துச் சால்கேவாடி பீடபூமியில் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. அவர்கள் பிணங்களை எண்ணவில்லை. காற்றாலை உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டார்கள். காற்றாலை இல்லாத பகுதியில் இரைகொல்லிப் பறவைகள் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம். காற்றாலைப் பகுதியில் வேட்டையாட ஆளில்லாததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. பெருகிய ஓணான்களின் உடலோ மெலிந்திருந்தது. அஞ்சி ஓடும் சுபாவமும் குறைந்திருந்தது. உச்சியில் இருக்கும் பறவை அகன்றதன் விளைவு படிப்படியாகக் கீழே இறங்கி, தரையில் ஊரும் பிராணியின் உடலியலையே மாற்றியிருக்கிறது. அந்த மாற்றத்தை உண்டாக்க ஒரு பறவைகூட இறக்கையில் அடிபட்டுச் சாக வேண்டியதில்லை. இடத்தை அது தவிர்த்தாலே போதும்.

சாத்தாராவின் முடிவை அப்படியே முப்பந்தலுக்குப் பெயர்க்க முடியாது. அது உயரமான பீடபூமி. இது தாழ்ந்த கணவாய், மனித நடமாட்டம் மிகுந்தது. ஆனால் கேள்வியைப் பெயர்க்கலாம். கணவாயின் இருப்பிடம் அந்தக் கேள்வியைக் கூர்மையாக்குகிறது. சுசீந்திரம்–தேரூர், வேம்பனூர் நீர்நிலைகளும் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கூந்தன்குளம் பூநாரைகளும் சங்குவளை நாரைகளும் கூடும் புகழ்பெற்ற இடம். தேரூர்க் குளமும் மணக்குடிக் காயலும் புத்தளத்து உப்பளங்களும் வலசைப் பறவைகள் இரைதேடும் இடங்கள். வரைபடத்தை விரித்து, தேரூரிலிருந்து கூந்தன்குளத்துக்கு நேர்கோடு போட்டால் அது முப்பந்தலை ஒட்டியே செல்லும். பறவைகள் அளவுகோல் வைத்துப் பறப்பதில்லை என்பது உண்மைதான். இருந்தாலும், மலைக்கும் குன்றுகளுக்கும் நடுவே தாழ்ந்த வழி இது ஒன்று இருக்கையில், அந்த வழியை எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்த உயரத்தில் பயன்படுத்துகிறது என்று நடவுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். காற்றின் வேகத்தை மணிக்கணக்காக அளந்த பொறுமையில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

கேட்கவில்லை என்பதற்குச் சட்டம் காரணம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. எனவே எத்தனை மெகாவாட் ஆனாலும் தாக்க மதிப்பீடும் வேண்டாம், பொதுமக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம். நிலம் பட்டாவாக இருந்தால் வனப்பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வராது. கரி உமிழாத மின்சாரத்துக்குத் தடை போடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் விளைந்த விலக்கு இது. அந்த எண்ணத்தை நானும் மதிக்கிறேன். புவிவெப்பம் இன்றிருக்கும் நிலையில் காற்றாலையை எதிர்ப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் பாதிப்பு குறைவு என்பது ஆராய்ந்து கண்ட முடிவாக இருக்க வேண்டும். இங்கே அது ஆராயாமல் இருப்பதற்கான அனுமதியாகிவிட்டது.

5. மலைமேல் நீர்

ஒப்பீட்டுக்கு மாவட்டத்தின் மலையில் அமைந்த கோதையாற்று நீர்மின் திட்டத்தைப் பார்க்கலாம். 60 மெகாவாட் திறனுள்ள முதல் மின்நிலையம் 1970-லும், 40 மெகாவாட் திறனுள்ள இரண்டாவது 1971-லும் இயங்கத் தொடங்கின. இரண்டும் சேர்ந்து 100 மெகாவாட். முப்பந்தல் தொகுப்போடு வைத்துப் பார்த்தால் சொற்பம். அது நுழைந்த இடமோ அகத்தியமலைத் தொடரின் மழைக்காடு. அணையின் நீர்ப்பரப்பு காட்டில் ஒரு பகுதியை விழுங்கியது. குழாய்ப்பாதை, இழுவை வண்டியான விஞ்ச், ஊழியர் குடியிருப்பு, மின்கம்பி வழி, சாலை ஆகியவை நீரில்லாத காட்டையும் கூறுபோட்டன. வனப்பாதுகாப்புச் சட்டம் 1980-இல் வந்தது. தாக்க மதிப்பீடு 1994-இல் கட்டாயமானது. எனவே கோதையாறும் எவராலும் கேள்வி கேட்கப்படாமல் எழுந்த திட்டமே.

அதன்பின் காட்டின் மதிப்பு உயர்ந்தது. அகத்தியமலை 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாகி, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலுக்குச் சென்றது. 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1197 சதுர கிலோமீட்டரில் அகத்தியமலை யானைகள் காப்பகம் அமைந்தது. கம்பத்துக்குள் புகுந்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஜூனில் பிடித்து, மேல் கோதையாறு பக்கத்துக் காட்டில் விட்டார்கள். பாதி நூற்றாண்டுக்கு முன் மின்சாரத்துக்காக வெட்டிய சாலைதான் அந்த யானையைக் கொண்டுவந்த லாரிக்கும் வழி விட்டது. நில மாற்றம் எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதற்கும், அது எந்தத் திசையில் பயன்படும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதற்கும் இது ஒரு சான்று.

நீர்மின்சாரத்தின் நிலத்தாக்கம் மலையோடு நிற்பதில்லை. கோதையாற்று நீர் பேச்சிப்பாறைக்கு வருகிறது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அந்த அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்கருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். மாவட்டத்தின் நெல் விளையும் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகமும் அந்த நீரை நம்பித்தான். ஆகவே நாஞ்சில் நாட்டு வயலும் ஒரு வகையில் எரிசக்தி நிலமே. அணைக்குமேல் எப்போது நீர் திறக்கிறார்கள் என்பது கடைமடைக் குளத்தின் நீர்மட்டத்திலும், அந்தக் குளத்துக்கு வரும் நாரையின் இரையிலும் வந்து முடியும்.

இதை நாஞ்சில் நாட்டார் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்குக் கூடங்குளம் வரலாறே ஆதாரம். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் ஒப்பந்தம் செய்தபோது, அணு உலைக்கான நன்னீரைப் பேச்சிப்பாறையிலிருந்து குழாய் வழியாகக் கொண்டுபோவது திட்டம். வழிநெடுக ஏறத்தாழ 65 கிலோமீட்டர். உழவர்களின் எதிர்ப்பு உடனே எழுந்தது. 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் தேசிய மீனவர் பேரவையின் நெடும்பயணம் நிறைவுற்ற கூட்டத்தில் கூடங்குளத்துக்கு எதிரான குரலும் சேர்ந்து ஒலித்தது; காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் அது கலைந்தது. நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்பது அப்பயணத்தின் முழக்கம். உலை பிற்காலத்தில் கட்டப்பட்டபோது நன்னீருக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வளாகத்துக்குள்ளேயே அமைந்தது. கூடங்குளம் எதிர்ப்பைப் பற்றி எழுதுபவர்கள் 2011-இன் போராட்டத்தைப் பேசும் அளவுக்குப் பேச்சிப்பாறையைப் பேசுவதில்லை. எரிசக்தித் திட்டம் ஒன்றின் வடிவத்தை இந்த மாவட்டத்து நிலவுரிமைக் கவலை மாற்றிய தெளிவான நிகழ்ச்சி அதுதான் என்பது என் கருத்து.

6. மணலுக்குக் கிடைத்த கருத்துக்கேட்பு

கடற்கரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது தனிக் கட்டுரைக்குரியது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அன்று அதிலிருந்த தோரியம் எரிவாயு விளக்கின் வலைக்குத் தேவைப்பட்டது. இன்று அணுசக்தித் துறையின் கீழுள்ள ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே கனிம மணலைப் பிரிக்கிறது. தோரியம் எதிர்கால உலைகளுக்கான இருப்பு. இன்றுவரை வணிக மின்சாரமாக மாறவில்லை. நடைமுறையில் விற்பனைக்குப் போவது இல்மனைட்டும் சிர்க்கானும் போன்ற கனிமங்களே. எனவே எரிசக்தியின் பெயரால் கடற்கரையைக் கேட்கும்போது, அந்த எரிசக்தி எப்போது வரும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

கிள்ளியூர் வட்டத்துக் கடலோர ஊர்களில் ஏறத்தாழ 1144 ஹெக்டேரில் மணல் எடுக்க முன்மொழிவு வந்தபோது, 2024 அக்டோபர் 1 அன்று கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பதாக இருந்தது. கடலரிப்புக்கும் கதிரியக்கத்துக்கும் அஞ்சிய மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது, எதிர்ப்பைத் தெரிவிக்க அங்கே சட்டம் ஒரு மேடையை வைத்திருந்தது என்பதை. ஊரார் அந்த மேடைக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் பக்கங்களோடு வந்து வாதாட வழி இருந்தது. காற்றாலைக்கு அப்படி ஒரு மேடை ஒருநாளும் இருந்ததில்லை. இருந்த மேடையும் சுருங்குகிறது. 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. சுத்தமான மின்சாரம் என்ற காரணத்துக்காகக் காற்றுக்கும், தேசத்தின் தேவை என்ற காரணத்துக்காக மணலுக்கும் கேள்வி கேட்பது நிறுத்தப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

7. மறுநடவு

முப்பந்தலின் முதல் தலைமுறை இயந்திரங்கள் தம் ஆயுளை முடித்துவிட்டன. அவற்றின் உதிரிப்பாகங்கள் கிடைப்பது அரிது. சிறந்த காற்று வீசும் இடங்களை மிகச் சிறிய இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்ற மின்துறையின் குறையும் நியாயமே. பழையவற்றை எடுத்துப் பெரியவற்றை நடும் மறுநடவுக்காக மத்திய அரசு 2016-லும் 2023-லும், தமிழ்நாடு அரசு 2024-லும் கொள்கைகள் வெளியிட்டன. தமிழ்நாட்டுக் கொள்கை 20 ஆண்டு கடந்த இயந்திரங்களைக் குறிவைக்கிறது. அதைச் சுற்றி எழுந்த விவாதம் பெரும்பாலும் கட்டணத்தையும் மின்வங்கியையும் பற்றியது.

பெரிய இயந்திரம் வந்தால் கோபுரங்கள் குறையும், நிலம் மிச்சமாகும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் சித்திரம் அவ்வளவு எளிதாக இல்லை. ஒன்பது 225 கிலோவாட் இயந்திரங்களை எடுத்துவிட்டு 110 மீட்டர் விட்டமுள்ள ஒரு 2 மெகாவாட் இயந்திரம் நடுவதாகக் கொள்வோம். அடித்தளங்கள் ஒன்பதிலிருந்து ஒன்றாகும், பாதைகளும் குறையும். இது தரைவாழ் உயிரினங்களுக்கு மெய்யான ஆதாயம். ஆனால் 5க்கு 7 மடங்கு விதிப்படி அந்த ஒன்றுக்கு வேண்டிய வெளி 42 ஹெக்டேர். ஒன்பது பழையவற்றுக்கும் சேர்த்து 23 ஹெக்டேரே வேண்டியிருந்தது. இறக்கைகள் துழாவும் வட்டப்பரப்பும் ஏறத்தாழ 5150 சதுர மீட்டரிலிருந்து 9500 சதுர மீட்டராக உயரும். பழைய இயந்திரம் 30 மீட்டர்க் கோபுரத்தில் நின்று, தரையிலிருந்து 17 முதல் 44 மீட்டர் வரையுள்ள காற்றைத் துழாவியது. புதியது 100 மீட்டர்க் கோபுரத்தில் 45 முதல் 155 மீட்டர் வரை துழாவும். தாழப் பறக்கும் கவுதாரியும் கரிச்சானும் தப்பும். உயர எழும்பி வட்டமிடும் கழுகும், கூட்டமாகக் கடக்கும் நாரையும் கூழைக்கடாவும் இறக்கைக்கு எதிரே வரும். ஆக, மறுநடவு பாதிப்பைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. பாதிப்பை வேறொரு காற்றடுக்குக்கும் வேறு உயிரினங்களுக்கும் மாற்றுகிறது. ஆல்டமான்டில் ஆதாயம் கிடைத்தது இயந்திரம் பெரிதானதால் மட்டுமன்று; எங்கே நடக்கூடாது என்று முன்பே அறிந்திருந்ததாலும்தான்.

இங்கே அதைச் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது. பல உரிமையாளர்களின் சிறு துண்டு நிலங்களில் நிற்கும் பழைய இயந்திரங்களை ஒருங்கிணைக்காமல் பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி கிடைக்காது. எப்படியும் நிலத்தை ஒரே வரைபடத்தில் வைத்து மறுபடி வகுக்கத்தான் போகிறார்கள். அந்த வரைபடத்தில் காற்று வேகத்தோடு பறவைகளின் பாதையையும் வௌவால்களின் நடமாட்டத்தையும் மிஞ்சியிருக்கும் உடைங்காட்டுத் துண்டுகளையும் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். மறுநடவு அனுமதிக்கு மாநில அரசு வைக்கும் நிபந்தனைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தால் போதும். தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம், வலசைக்காலம் மூன்றும் அடங்க ஓராண்டுக் கணக்கெடுப்பு, இரு மாவட்டங்களுக்கும் பொதுவாக நடக்க வேண்டும். முப்பந்தலுக்கு ஒன்று, பணகுடிக்கு வேறொன்று என்று பிரித்தால் பயனில்லை. கைவிடப்படும் கோபுரங்களின் கான்கிரீட் அடித்தளத்தைத் தோண்டி எடுப்பதும், தேவையற்றுப்போகும் பாதைகளை உடைமரத்துக்கே விட்டுவிடுவதும் அதே நிபந்தனையில் அடங்கலாம். செலவு இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. ஏற்கெனவே காற்று அளக்க நட்ட கம்பங்களிலேயே வௌவால்களின் ஒலியைப் பதியும் கருவியைப் பொருத்தலாம்.

இதற்குக் காலம் குறைவு. பழைய இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன, புதியவற்றுக்கான இடத்தேர்வு நடக்கிறது. இப்போது நடப்படும் இயந்திரத்தின் ஆயுள் 20 முதல் 25 ஆண்டு. கணவாயின் வரைபடத்தை மறுபடி விரிக்கும் சந்தர்ப்பம் அடுத்து வர 2050-ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆகிவிடும்.